உள்அலங்கார வர்த்தகக் கண்காட்சியில் என் ஓவியங்களை வைக்கலாமா?

கேள்வி: மண்டபத்தை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் வசிக்கிறேன். வயது 34. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு, பள்ளியில் பகுதிநேர ஆசிரியையாக இருக்கிறேன். என் அம்மா கடலில் பாசி எடுத்தவர். அந்தப் பெண்களையும் எங்கள் கரையையும் பல ஆண்டுகளாக அக்ரிலிக்கிலும் எண்ணெய் வண்ணத்திலும் வரைந்து வருகிறேன். வீட்டில் நாற்பது ஓவியங்களுக்கு மேல் இருக்கின்றன. சென்னையில் நடக்கவிருக்கும் உள்அலங்கார வர்த்தகக் கண்காட்சியில் ஸ்டால் எடுக்கச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. 9 சதுர மீட்டர் இடத்துக்கு வரியோடு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும். இறங்கலாமா? சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் பொருந்துகிற நிறத்தில் வரைந்தால்தான் விற்கும் என்கிறார்கள். அப்படி வரைய வேண்டுமா? ஒரு டிசைனர் 20 விழுக்காடு கமிஷனும், எல்லா ஓவியங்களின் பெரிய அளவுப் புகைப்படங்களும் கேட்கிறார், கொடுக்கலாமா? விலையை எப்படி வைப்பது?

மண்டபம் பகுதி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தையும் அதனுடன் அனுப்பிய மூன்று புகைப்படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். நான் தேவிபட்டினம் பக்கத்தில் பிறந்தவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக மதுரையில் இருந்துகொண்டு வீடுகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் உள்அலங்காரம் செய்து தருகிறேன். ஓவியத்தை வாங்கும் பக்கத்தில் நிற்பவள் என்பதால், அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறதோ அதை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைத்து இந்த ஆண்டு தனி ஸ்டால் எடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் ஓவியங்கள் அந்தக் கண்காட்சிக்குப் போகாமலும் இருக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

அடகு வேண்டாம் என்று நான் சொல்வது உங்கள் ஓவியத்தின் தரத்தைப் பார்த்து அல்ல, அந்தக் கண்காட்சி இயங்கும் விதத்தைப் பார்த்து. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியிலோ, 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலோ படங்களை மாட்டினால், வருகிறவர் படம் பார்க்கவே வருகிறார். வர்த்தகக் கண்காட்சிக்கு வருகிற கட்டடக் கலைஞரும் உள்அலங்காரக்காரரும் கட்டுமான நிறுவனத்தின் கொள்முதல் அலுவலரும் டைல்ஸ், பிளைவுட், கீல், விளக்கு, குளியலறைக் குழாய் என்று நீண்ட பட்டியலோடு வருகிறார்கள். அதில் ஓவியம் கடைசி வரியில் இருக்கும், பல வேளைகளில் இருக்கவே இருக்காது. வேலை நடக்கும் வரிசையும் அப்படித்தான். பூச்சு, மின்கம்பி, தரை, மரவேலை, பெயின்ட், விளக்கு எல்லாம் முடிந்து சோபாவும் வந்து இறங்கிய பிறகே, சுவர் வெறுமையாக இருப்பது வீட்டுக்காரரின் கண்ணில் படுகிறது. வரைபடம் போடும் நாளுக்கும் ஓவியம் வாங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம், என் வேலைகளில் ஆறு மாதத்துக்குக் குறைந்ததில்லை. விடுதி என்றால் ஒன்றரை ஆண்டு வரை போயிருக்கிறது. ஒருவர் உங்கள் ஸ்டாலில் நின்று மனம் லயித்து ஒரு படத்தைப் பார்த்தாலும், அது போய்ச் சேர வேண்டிய சுவர் அன்றைக்கு எழும்பாமலே இருக்கலாம். அடகுக் கடை வட்டி அந்தச் சுவர் எழும்பும்வரை பொறுத்திருக்காது. கையில் உபரியாகப் பணம் உள்ளவர் ஓராண்டு பொறுத்து அறுவடை செய்யலாம்; உங்கள் நிலையில் மூன்று நாள் கண்காட்சி முடிந்து ஒன்றும் விற்காமல் ஊர் திரும்பினால், அடுத்த ஆறு மாதத்துக்குத் தூரிகையைத் தொடவே மனம் வராது. பணத்தைவிட அந்த இழப்புக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

நான் சொல்லும் நடுவழி இது. அதே கண்காட்சியில் மரச்சாமான் செய்பவர்களும் விளக்கு விற்பவர்களும் பெரிய இடம் எடுத்து, வீட்டுக் கூடம் போலவும் படுக்கையறை போலவும் அமைத்துக் காட்டுவார்கள். அந்த மாதிரி அறைகளின் சுவரில் மாட்ட அவர்களுக்குப் படம் தேவைப்படுகிறது; பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஏதேனும் ஓர் அச்சுப் படத்தை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அமைப்பாளரிடம் பங்கேற்போர் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள நான்கைந்து மரச்சாமான் நிறுவனங்களுக்கு இப்போதே எழுதுங்கள். அவர்கள் சுவருக்கு நீங்கள் அசல் ஓவியங்களை வாடகையில்லாமல் தருவதாகவும், ஈடாக ஒவ்வொரு படத்தின் அருகிலும் உங்கள் பெயரும் விலையும் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டை இருக்க வேண்டும் என்றும், நீங்களும் அங்கே நிற்க அனுமதி வேண்டும் என்றும் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எந்தப் படம், என்ன அளவு, என்ன விலை, என்றைக்குத் திரும்பி வரும், சேதமானால் யார் பொறுப்பு, அங்கேயே விற்றால் பணம் யார் கைக்கு வரும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இது அமையாவிட்டால், நம் பக்கத்துப் பனையோலைக் கலைஞர் ஒருவருடனோ, வேறோர் ஓவியருடனோ சேர்ந்து ஒரு ஸ்டாலைப் பகிர்ந்துகொள்ளலாம். ஸ்டாலைப் பிறருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது என்ற விதி பல விண்ணப்பங்களில் சிறிய எழுத்தில் இருப்பதால், இருவர் பெயரையும் தொடக்கத்திலேயே பதிந்துகொள்வது அவசியம்.

அடுத்து, எந்தப் படங்களைக் கொண்டுபோவது என்பது. நீங்கள் அனுப்பிய மூன்றில் ஒன்று பாம்பன் பாலம், ஒன்று தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம், ஒன்று பாசி எடுக்கும் பெண். முதலிரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலமும் 2025-இல் திறந்த புதிய தூக்குப் பாலமும், 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியும் கேன்வாஸில் அச்சடித்து விற்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. நீங்கள் எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும், பத்தடி தள்ளி நடந்து போகிறவருக்கு அவை ஏற்கெனவே பார்த்த படங்கள். மூன்றாவது அப்படியல்ல. விரல்களில் துணிக் கீற்றைச் சுற்றிக்கொண்டு, நீந்துவதற்காகக் காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெண், முகக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருக்கிறார். இடுப்பில் கட்டிய பையின் வாயில் மரிக்கொழுந்துப் பாசி ஈரத்தோடு பிதுங்கி நிற்கிறது. தட்டின் விளிம்பில் வெயில் படும் இடத்தை ஒரே ஒரு வெள்ளைக் கீற்றாக, கத்தியால் தடிமனாக வைத்திருக்கிறீர்கள்; அந்தக் கீற்றுக்குக் கீழே அதன் நிழல் விழுந்திருப்பது புகைப்படத்திலேயே தெரிகிறது. எந்த அச்சு இயந்திரமும் அப்படி ஒரு கீற்றை வைக்காது. பக்கத்து ஸ்டாலில் உங்கள் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு அச்சுக் கேன்வாஸ் விற்பார்கள் என்பதால், கிட்ட வந்து பார்ப்பவருக்குக் கையின் தடம் தெரிகிற படங்களே உங்களைக் காப்பாற்றும். இந்தப் பாசி வரிசையில் மட்டும் ஏழு முதல் ஒன்பது படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதையும் அடுக்கினால் பார்க்கிறவர் மனதில் ஒன்றும் நிற்காது.

பகிர்ந்த ஸ்டால் என்றால் அதன் சுவரைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடத்தில் மூன்று பக்கமும் சேர்த்து 9 மீட்டர் நீளச் சுவர் கிடைக்கும். ஏறக்குறைய 1 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள வெள்ளைப் பலகைகளை அலுமினியக் கம்பங்களுக்கு நடுவே செருகியிருப்பார்கள். மூலை ஸ்டால் என்றால் ஒரு பக்கச் சுவர் குறைந்துவிடும்; வருகிறவருக்கு வழி அதிகம், படத்துக்கு இடம் குறைவு. பலகையில் ஆணி அடிக்கவோ துளையிடவோ விடமாட்டார்கள். மேல் சட்டத்தில் கொக்கி போட்டு மெல்லிய எஃகுக் கம்பியில்தான் தொங்கவிட வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு கம்பி கொடுங்கள். ஒற்றைக் கம்பியில் தொங்கும் படம் கூட்டத்தின் அதிர்விலேயே சாய்ந்துவிடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் அமைந்தால் நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கும். ஸ்டாலோடு தரும் விளக்குகள் பெரும்பாலும் நீலம் பாய்ந்த வெள்ளை. நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ குறைந்த விளக்கில் சிவப்பும் காவியும்தான் முதலில் செத்துப்போகும். உங்கள் படங்களில் அந்தப் பெண்களின் சேலையும் வெயிலில் கருத்த தோலும் அதே நிறங்கள். சிஆர்ஐ 90-க்கு மேல், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 3000 முதல் 4000 வரையுள்ள ஸ்பாட் லைட் மூன்றை நீங்களே வாங்கிப் போய், சுவரோடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் விழும்படி வையுங்கள்; அப்போதுதான் தடிமனான வண்ணத்தின் மேடு பள்ளம் தெரியும், கண் கூசாது.

நிறப் பொருத்தம் பற்றிய கேள்விக்கு என் பதில் உறுதியானது: அப்படி வரைய வேண்டாம். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டில், முத்து விஜய ரகுநாத சேதுபதியை நடுநாயகமாக வைத்து வரைந்த அந்தச் சுவரோவியங்களில், அரசவை கூடும் மண்டபத்தில் தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும் ஐரோப்பியர் அரசரைக் காண வரும் காட்சியும் இருக்கின்றன. மேல்மாடியில் அரசரின் ஓய்வு வாழ்க்கை இருக்கிறது. எந்த இடத்தில் யார் நிற்பார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார், அங்கே என்ன மனநிலையில் இருப்பார் என்பதை அந்த ஓவியர்கள் அறிந்து வரைந்தார்கள். அறையை அறிந்து வரைவது வேறு, மெத்தைத் துணிக்கு நிறம் கலப்பது வேறு. திரைச்சீலையை ஐந்தாறு ஆண்டில் மாற்றிவிடுவார்கள். அதற்காகவே வரைந்த படம் அன்றைக்கே அநாதையாகிவிடும். என் வாடிக்கையாளர்களில் நல்ல ஓவியம் வாங்கியவர்கள், படத்துக்கு ஏற்பத் திரைச்சீலையை மாற்றியதைத்தான் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அளவு விஷயத்தில் மட்டும் அறைக்கு இணங்குங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. மூன்று பேர் உட்காரும் சோபா ஏழடி நீளம் இருக்கும். அதற்கு மேல் மாட்டும் படம் அந்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 54 முதல் 60 அங்குல அகலம் இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். படத்தின் அடிவிளிம்புக்கும் சோபா முதுகுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி போதும். ஓவியர்கள் பெரும்பாலும் ஒன்றரை அடிக்கு இரண்டடியில் வரைகிறார்கள்; எங்களுக்கோ அந்தச் சுவரில் அது தபால்தலை போல் தெரிகிறது. கண்காட்சிக்கு முன் இரண்டு படமாவது பெரிய அளவில் வரையுங்கள். ஐந்தடிப் படத்தை நம் ஊரிலிருந்து ஏற்றிப் போவது சிரமம் என்றால், ஒரே காட்சியை இரண்டு கேன்வாஸாகப் பிரித்து, அருகருகே மாட்டும்படி வரையலாம். படகில் சேர்ந்து போகும் பெண்கள் கூட்டத்துக்கு அந்தப் பிரிப்பு இயல்பாகவே பொருந்தும்.

கடற்கரை ஓவியரிடம் டிசைனர்கள் வாய்விட்டுக் கேட்காமல் மனத்தில் வைத்திருக்கும் ஒரு சந்தேகம் உண்டு: இது எத்தனை ஆண்டு தாங்கும்? அது எனக்கும் பட்டுத் தெரிந்ததுதான். தொழிலுக்கு வந்த நான்காம் ஆண்டில் இராமேசுவரத்தில் ஒரு விடுதிக்காக ஐந்தடிக் கேன்வாஸ் ஒன்றை வாங்கி, கடலைப் பார்த்த வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டினேன், எதிரிலேயே ஏசி. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் போய்க் கழற்றிப் பார்த்தபோது, முன்பக்கம் ஒரு குறையும் தெரியவில்லை. பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை. சட்டத்தில் அடித்திருந்த இரும்புப் பின்கள் துருப்பிடித்து ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு வட்டம். ஒரு மூலையில் விரல் பட்டவுடனே துணி விட்டுவிட்டது. ஓவியர் மீது தவறில்லை. அது எப்படிப்பட்ட சுவர் என்று அவரிடம் சொல்லாதது என் தவறு. அன்றிலிருந்து நான் வாங்கும் படத்தின் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்க்கிறேன், கவனமான மற்றவர்களும் அப்படிப் பார்க்கிறார்கள். ஆகவே துருப்பிடிக்காத எஃகுப் பின்களையே போடுங்கள். நன்கு உலர்ந்த தேக்குச் சட்டம் பயன்படுத்துங்கள். படத்தின் கீழ் மூலைகளில் பின்பக்கம் சிறு ரப்பர் அல்லது தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக வழி விடுங்கள். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே முழுதாக உலர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை எடுக்கும். ஈரக்காற்று அடிக்கும் வாடைக் காலத்தில் வரைந்ததற்கு இன்னும் பொறுமை வேண்டும், இறுதி வார்னிஷ் அதற்குப் பிறகுதான். கண்காட்சிக்கு அக்ரிலிக் படங்களையே அதிகம் எடுத்துப் போகும்படி நான் சொல்வது அதனால்தான். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தலைப்பு, ஆண்டு, அளவு, ஊடகம், வார்னிஷ் செய்த மாதம், உங்கள் கையெழுத்து எல்லாம் எழுதி ஒட்டுங்கள்.

இனி அந்த டிசைனர் கேட்டவை. கமிஷன் கேட்பதில் தவறில்லை. ஓவியக் கூடங்கள் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதை நினைத்தால், 20 விழுக்காடு அதிகமும் அல்ல. அவர் மூலம் நடக்கும் விற்பனைக்கு மட்டும், முழுப் பணமும் உங்கள் கைக்கு வந்த பிறகு மட்டும் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் விலை நீங்கள் நேரில் சொல்லும் விலையாகவே இருக்க வேண்டும். நான் வாங்கும் பங்கை என் வாடிக்கையாளருக்குத் தரும் கணக்கில் எழுதிக் காட்டுகிறேன். எழுதிக் காட்டத் தயங்குபவரிடம் நீங்களும் தயங்குங்கள்.

பெரிய அளவுப் புகைப்படங்களைக் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். ஒரு டிசைனர் தன் வரைபடத்தில் ஒட்டி வாடிக்கையாளருக்குக் காட்ட, 1200 பிக்சல் அகலமுள்ள படம் தாராளமாகப் போதும். அதைக் கேன்வாஸில் தெளிவாக அச்சடிக்க முயன்றால் எட்டு அங்குலத்துக்கு மேல் வராது. நாலடி அகலத்துக்கு அச்சடிக்க 7000 பிக்சலுக்கு மேல் வேண்டும், அதைக் கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்பதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர், நம்பிக்கையின் பேரில் எல்லாவற்றையும் முழு அளவில் பலருக்கும் அனுப்பினார். இரண்டு ஆண்டு கழித்து வேறோர் ஊர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தவர், எதிர்ச் சுவரில் தன் படம் எட்டடி அகலத்தில், கையெழுத்து மட்டும் வெட்டப்பட்டு, அச்சாக ஒட்டியிருப்பதைப் பார்த்தார். அச்சடித்தது யார் என்று நிறுவவே அவரால் முடியவில்லை. அன்று இலையில் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து வந்ததாகச் சொன்னார்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக வரைந்த ஓவியத்தின் பதிப்புரிமை உங்கள் வாழ்நாளுக்கும் அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு; கேன்வாஸை விற்பதால் அது கைமாறுவதில்லை, எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் மாறும். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரைந்த ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அதன் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் கேட்டவரே என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. கண்காட்சியில் உங்களுக்கு வரப்போகிற வேலைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்: இதே போல, எங்கள் அளவுக்கு ஒன்று வரைந்து தாருங்கள் என்பார்கள். முன்பணம் வாங்கும் நாளிலேயே, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்ற ஒரு வரியை எழுதி இருவரும் கையெழுத்திட்டுவிட்டால் அந்த ஓட்டை அடைபடும். விற்ற பிறகும் படத்தைச் சிதைத்து உங்கள் பெயருக்கு ஊறு செய்தால் கேட்கும் உரிமையை 57-ஆம் பிரிவு தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பம் சிதைக்கப்பட்டதற்காக அமர்நாத் சேகல் தொடர்ந்த வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது இந்தப் பிரிவின்படிதான்.

விலைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவரின் சட்டையைப் பார்த்து விலை சொல்லும் ஓவியரிடம் நான் இரண்டாம் முறை போவதில்லை. சதுர அங்குலக் கணக்கில் போனால் பெரிய படத்தின் விலை எட்டாத உயரத்துக்கும் சிறிய படத்தின் விலை அடிமட்டத்துக்கும் போகும். 12-க்கு 16 அங்குலப் படம், சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் என்றால் 3,840 ரூபாய். 36-க்கு 48 என்றால் 34,560 ரூபாய். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அங்குலத்துக்கு 400 ரூபாய் என்று வைத்தால் சிறியது 11,200 ரூபாய், பெரியது 33,600 ரூபாய். எடுத்துக்காட்டுக்காகவே இந்தத் தொகைகளைச் சொல்கிறேன். உங்கள் அங்குல விலையை, கேன்வாஸ், வண்ணம், சட்டம், வரைந்த நாள்கள், 20 விழுக்காடு கமிஷன் எல்லாம் அடங்கும்படி நீங்களே வகுக்க வேண்டும். வீட்டில் வாங்கினாலும் கண்காட்சியில் வாங்கினாலும் ஒரே விலை. வரியைப் பொறுத்தவரை, கையால் வரைந்த ஓவியங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயம் இல்லை. பெங்களூரு, கொச்சி என்று வெளிமாநிலக் கண்காட்சிக்குப் போவதென்றால் விதி வேறு, முன்னதாக ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

படங்களைக் கட்டும் விதத்தில் ஒரு எச்சரிக்கை. அக்ரிலிக் வண்ணம் வெப்பத்தில் இளகும். குமிழி உறையை நேராக வண்ணத்தின் மேல் சுற்றி, கோடையில் பேருந்தின் அடியில் போட்டு அனுப்பிய படம் ஒன்று என்னிடம் வந்தது; கருநீலக் கடல் முழுவதும் வரிசை வரிசையாக வட்ட வட்டத் தடங்கள், எதைச் செய்தும் போகவில்லை. முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் குமிழிகள் வெளிப்பக்கம் இருக்கும்படி உறை, மூலைகளுக்குத் தெர்மாகோல், பிறகு பிளைவுட் பெட்டியில் நிற்கவைத்த நிலை, இந்த வரிசை மாறக் கூடாது.

கண்காட்சி நாள்களில் விற்பதைக் காட்டிலும் எழுதிக்கொள்வதுதான் உங்கள் வேலை. வருகிறவரின் அட்டையை வாங்கிப் பெட்டியில் போடாமல், ஒரு நோட்டில் அவர் எந்தப் படத்தின் முன் நின்றார், எந்த ஊரில் வேலை நடக்கிறது, சுவர் எத்தனை அடி, எந்த மாதம் வேலை முடியும் என்ற நான்கையும் அவர் போனவுடனே எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் அந்தப் படத்தின் சிறிய புகைப்படத்தையும் அளவையும் விலையையும் அனுப்புங்கள். பிறகு அவர் சொன்ன மாதத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு முறை நினைவூட்டுங்கள். இதை ஓவியர்கள் தொந்தரவு என்று நினைத்துக் கூசுகிறார்கள். எங்களுக்கு அது பெரிய உதவி, ஏனென்றால் அந்த நேரத்தில் எங்கள் தலையில் வேறு நூறு வேலை இருக்கும்.

சென்னையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துச் சுவர்களையும் மறக்க வேண்டாம். இராமேசுவரத்தில் விடுதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. கீழக்கரையில் வெளிநாட்டு உழைப்பில் பெரிய வீடுகள் எழுகின்றன. அவற்றுக்கு உள்அலங்காரம் செய்பவர்கள் பெரும்பாலும் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்கள்தான். கீழக்கரையில் மனித உருவம் இல்லாத படத்தையே விரும்பும் வீடுகள் உண்டு. கரையில் காயப்போட்ட பாசி, அலை வற்றிய மணல், கவிழ்த்து வைத்த வள்ளம் என்று உங்களிடம் இருந்தால் அவற்றைத் தனி வரிசையாக எடுத்து வையுங்கள்.

பாசி எடுக்கும் பெண்ணின் படத்துக்கு அளவை நீங்கள் எழுதவில்லை, விலையும் எழுதவில்லை. மதுரை நத்தம் சாலையில் நான் முடித்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில், கூடத்தின் வடக்குச் சுவர் ஆறடி அகலத்தில் இன்னும் காலியாக இருக்கிறது. அங்கே வெயில் நேராக விழாது, ஓதமும் இல்லை. அடுத்த மாத இறுதிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதால், அளவு, விலை, பின்பக்கத்தின் ஒரு புகைப்படம் ஆகிய மூன்றையும் இந்த வாரத்திலேயே அனுப்புங்கள்.